பஞ்சாங்கப் பத்தியில் இன்னும் ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குரு பெயர்ச்சிக்கு நீங்கள் வெளியிட்ட இணைப்பு மலரும், மாணவர் பக்கத்தில் வந்த ‘சூரியக் குடும்பம்’ படமும் ஒன்றாக என் கைக்கு வந்தன. இரண்டிலும் வியாழன் இருக்கிறது. மலரில் பன்னிரண்டு ராசிக்கும் பலன், பரிகாரம், எந்தக் கோயிலுக்கு எந்தப் பஸ் என்பது வரை இருக்கிறது. படத்தில் குறுக்களவும் நிலவுகளின் எண்ணிக்கையும் இருக்கின்றன. ராத்திரி வாசலுக்கு வந்து எந்தப் பக்கம் அண்ணாந்தால் வியாழன் தெரியும் என்பது இரண்டிலும் இல்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் திருமங்கலம் பக்கத்தில் மல்லிகை வைத்திருப்பவள். படித்தது பிளஸ் டூ. மற்றதெல்லாம் ஊர் நூலகத்தில். சீசனில் காலை மூன்றரைக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பூக்காட்டில் இறங்கிவிடுவோம். மொட்டு வாய் திறப்பதற்குள் பறித்து மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு ஏற்றினால்தான் விலை. ஆக முப்பது வருஷமாக விடியலுக்கு முந்தைய வானம் எனக்குப் பழக்கம். விடிவெள்ளி சில மாதம் கிழக்கே நிற்கும், பிறகு காணாமல் போகும், அப்புறம் பார்த்தால் சாயங்காலம் மேற்கே நிற்கும். அந்திவெள்ளி வேறு, விடிவெள்ளி வேறு என்றுதான் எங்கள் அப்பத்தா கடைசிவரை சொன்னார். இரண்டும் ஒரே வெள்ளி. ஒரு சுற்று முடிந்து பழைய கோலத்துக்கு வர 584 நாள். அத்தனை பளபளப்பும் அதை மூடியிருக்கும் மேகத்தால் வருவது. மேகத்துக்குக் கீழே ஈயம் உருகும் சூடு, 460 டிகிரிக்கும் மேலே. தன்னைத்தானே சுற்ற அதற்கு 243 நாள் வேண்டும், சூரியனைச் சுற்ற 225 நாள் போதும். சுற்றுவதும் நமக்கு எதிர்த்திசையில். அங்கே நின்று பார்த்தால் சூரியன் மேற்கே உதிக்கும்.

ஜோதிடத்தைக் குறை சொல்ல வரவில்லை. குரு பெயர்ச்சிக்குச் சோழவந்தான் வழியாகக் குருவித்துறை குரு கோயிலுக்கு நானும்தான் போகிறேன். அந்த வரிசையில் நிற்கும்போதுதான் ஒன்று உறைத்தது: நம் ஜனங்களுக்குக் கோள்களின் கணக்கு ஏற்கெனவே தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது. குரு ஏன் வருஷத்துக்கு ஒருமுறை பெயர்கிறார்? வியாழன் சூரியனைச் சுற்றிவர 12 ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு, ராசி பன்னிரண்டு. சனி ஏன் இரண்டரை ஆண்டு? அதன் சுற்று இருபத்தொன்பதரை ஆண்டு. ஏழரை நாட்டுச் சனி என்பது அந்த இரண்டரையில் மூன்று. தூரம் கூடக் கூட நடை மெதுவாகும். பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது, சனி 10-ஐக்கூட எட்டுவதில்லை. மந்தன் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? குருவும் சனியும் சில காலம் பின்னோக்கிப் போவதுபோல் தெரிவதை வக்கிரம் என்று பயப்படுகிறோமே, நான்குவழிச் சாலையில் நம் பஸ் ஒரு லாரியை முந்தும்போது லாரி பின்னால் போவதுபோல் தெரியும் அல்லவா, அவ்வளவுதான் அது. முந்துவது பூமி.

ராகுவும் கேதுவும் கோள்களே இல்லை. வானத்தில் சூரியன் போகும் தடத்தை நிலவின் தடம் வெட்டும் இரண்டு புள்ளிகள் அவை. அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளுக்கு அருகே அமைந்தால் கிரகணம். புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் ஒரு சுற்று வருகின்றன. ராகு கேது பெயர்ச்சி ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வருவதற்குக் காரணம் இது. ஆக, நவக்கிரக மேடையில் இருப்பவர்களில் ஒருவர் நட்சத்திரம், ஒருவர் நம் துணைக்கோள், இரண்டு புள்ளிகள். மீதி ஐந்துதான் கோள். நாம் நிற்கும் பூமியையும், கண்ணுக்கு எட்டாத யுரேனஸையும் நெப்டியூனையும் சேர்த்தால் எட்டு.

இனி மாணவர் பக்கத்துப் படம். சூரியனுக்குப் பக்கத்தில் எட்டும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன. ‘தூரம் அளவுப்படி இல்லை’ என்று அடியில் ஒரு வரி போட்டிருக்கலாம். மூன்றாவது படிக்கும் என் பேத்தி, “அப்பத்தா, வியாழன் நம்ம மேல இடிச்சிராதா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் காட்டில் இறங்கினோம்.

கிணற்றுத் திண்டில் ஒரு சாண் அகலப் பறங்கிக்காயை வைத்தோம். அது சூரியன். அந்தக் கணக்குக்குப் பூமி ஒரு கடுகு. கிணற்றிலிருந்து 24 மீட்டர் தள்ளி, மூன்றாவது பாத்தியில் வைத்தோம். நிலவு அந்தக் கடுகிலிருந்து நாலு விரக்கடை தூரத்தில் ஒரு துளி ரவைப் பொடி. புதன் 9 மீட்டரில் கசகசா. வெள்ளி 17 மீட்டரில் இன்னொரு கடுகு. செவ்வாய் 36 மீட்டரில் அரைக் கடுகு. இதுவரை எங்கள் இரண்டு ஏக்கருக்குள் அடங்கியது. வியாழன் சின்ன நெல்லிக்காய். அதற்கு 120 மீட்டருக்கு மேல் வேண்டும், பங்காளியின் தென்னந்தோப்புக்குள் போய்விட்டது. கோலிக்குண்டு அளவுச் சனியைக் கம்மாய்க்கரையில் விட்டோம். யுரேனஸ் ஒரு கொண்டைக்கடலை, பிள்ளையார் கோயிலைத் தாண்டி. அதே அளவு நெப்டியூனுக்கு முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது. “நெப்டியூன் ரேஷன் கடைக்கிட்ட இருக்கு அப்பத்தா!” என்று அவள் போட்ட சத்தத்தில் அன்று ஊர் பூராவும் நெப்டியூன் பேச்சுத்தான். இந்த அளவில் சூரிய ஒளியே எறும்பு வேகத்தில்தான் ஊரும். பறங்கிக்காயிலிருந்து கடுகுக்கு வர எட்டே கால் நிமிஷம், ரேஷன் கடைக்குப் போக நாலு மணி நேரம். அடுத்த நட்சத்திரத்தை எங்கே வைப்பது என்று கேட்டாள். 6,000 கிலோமீட்டருக்கும் அப்பால். பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே, வரப்புக்கு இரண்டு பக்கமும் தூசி தூவின மாதிரி சிறுகோள்கள் சுற்றுகின்றன. லட்சக்கணக்கில் இருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்தால் நம் நிலவின் எடையில் நூறில் நாலு பங்குகூடத் தேறாது. அதில் பெரியது சீரிஸ். 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியில் பியாஸி கண்டுபிடித்தார். அரை நூற்றாண்டு போல அதையும் கோள் என்றே எழுதினார்கள். கூட்டாளிகள் ஒவ்வொன்றாக அகப்பட்டதும் சிறுகோள் ஆக்கிவிட்டார்கள். ஆகவே 2006-இல் பிராக் நகரில் நடந்த வானியலாளர் கூட்டத்தில் புளூட்டோவுக்கு நடந்தது முதல் பதவியிறக்கம் இல்லை. அதற்கும் அப்பால் 2005-இல் எரிஸ் அகப்பட்டது, எடையில் புளூட்டோவைவிடப் பெரியது. அதையும் சேர்த்துப் பத்து என்பதா, இரண்டையும் தள்ளி எட்டு என்பதா? எட்டு என்றார்கள். சீரிஸும் புளூட்டோவும் எரிஸும் இப்போது குறுங்கோள்கள். ஒன்பது என்று மனப்பாடம் செய்த எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். 1979 முதல் 1999 வரை, நான் பள்ளிக்கூடம் போன காலம் பூராவும், புளூட்டோ நெப்டியூனைவிட உள்ளே இருந்திருக்கிறது. எங்கள் வாத்தியார் கடைசிக் கோள் புளூட்டோ என்று சொல்லி, மாற்றிச் சொன்னவர்களைப் பெஞ்சில் ஏற்றினார்! அது ஒரு சுற்று முடிக்க 248 ஆண்டு. 1930-இல் கண்டுபிடித்ததிலிருந்து இன்னும் பாதியைக்கூடத் தொடவில்லை.

மாணவர் பக்கம் போடுகிறவர்கள் இதையும் சேர்க்கலாம்: சிறுகோள் வேட்டையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1861-இல் சென்னை வானாய்வகத்தில் போக்சன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ‘ஆசியா’ என்று பெயர். இந்தக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் அது. 1988-இல் காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகன் கண்டுபிடித்தது கணித மேதையின் பெயரால் ‘ராமானுஜன்’ ஆனது, எண் 4130.

டிசம்பரில் பூ குறைச்சல், விலை மட்டும் மலையில் நிற்கும். பனியில் விரல் மரத்துப்போய் நிற்கையில் எரிநட்சத்திரம் விழும். உடனே பச்சை மரத்தைப் பார்க்கச் சொல்வார் அப்பத்தா. 13, 14 தேதிகளில் அது மழைபோல விழுவதற்குக் காரணம் ஃபேத்தான் என்ற சிறுகோள் தன் தடத்தில் சிந்திவிட்டுப் போன தூள். பெரும்பாலும் மணல், மிஞ்சினால் பட்டாணி அளவு. ஹாலி வால்நட்சத்திரத்தை 1986-இல் எங்கள் அப்பா வரப்பில் தூக்கி நிறுத்திக் காட்டினார். எனக்குப் புகை படிந்த மாதிரித்தான் தெரிந்தது. அடுத்து வருவது 2061-இல். பேத்தி பார்ப்பாள்.

ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன் ஒரு பைனாகுலர் வாங்கித் தந்தான். வியாழனின் இரு பக்கமும் நாலு பொட்டு ஒரே கோட்டில் தெரிந்தது. மறுநாள் இடம் மாறியிருந்தது. 1610-இல் கலிலியோ பார்த்த அதே நாலு நிலவுகள். சனியின் வளையம் பைனாகுலரில் தெரியாது. நான் ஏமாந்த கதையைச் சொல்லிவைக்கிறேன், மற்றவர்கள் வாங்கி ஏமாற வேண்டாம்.

இத்தனையும் பார்க்க எனக்கு உதவியாக உங்கள் நாளிதழில் ஒரு வரிகூட வந்ததில்லை. சனிப் பெயர்ச்சி 2025 மார்ச்சில் என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம், 2026 மார்ச்சில் என்றது வாக்கியப் பஞ்சாங்கம். நீங்கள் இரண்டுக்கும் மலர் போட்டீர்கள். வானத்தில் சனி ஒரே இடத்தில்தானே நின்றது? அந்த இடத்தைச் சொல்லியிருந்தால் வாசகர்களே எட்டிப் பார்த்திருப்பார்கள்.

தினமும் ராகு காலம், எமகண்டம், சூரிய உதயம் போடுகிறீர்கள். அதற்குக் கீழே ஒரு வரி போதும்: இன்று எந்தக் கோள், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில். டிகிரிக் கணக்கு வேண்டாம். ‘தென்னை உயரம்’, ‘உச்சிக்குப் பக்கம்’ என்று போட்டால் எங்களுக்கு விளங்கும். நேரம் மட்டும் மதுரைக்குச் சரியாக இருக்கட்டும். இடம் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை தோறும் போட்டாலும் சரி. அன்றைக்குப் பூ கூடுதலாகப் பறிப்போம், எல்லாரும் சீக்கிரமே காட்டில் இருப்போம்.

இப்படிக்கு,
மல்லிகை விவசாயி ஒருத்தி,
திருமங்கலம் வட்டம், மதுரை மாவட்டம்.