ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் கிட்டும் அதோடு வரும் தவறான குறிப்புத்தாளும்: புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்

பொருள்: ஆயில், ஃபில்டர் கிட்டில் உள்ள குறைகள், பணத்தைத் திருப்பித் தரவும் குறிப்புத்தாளைத் திரும்பப் பெறவும் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். டொயோட்டா கேம்ரி 2.5 லிட்டர், 6 கியர் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு என்று உங்கள் தளத்தில் விற்கும் கிட்டை வாங்கினேன். பெட்டியில் 7 லிட்டர் ஆயில், ஒரு ஃபில்டர், கார்க் கேஸ்கட், வீட்டிலேயே மாற்றிக்கொள்வதற்கான ஒரு குறிப்புத்தாள் ஆகியவை இருந்தன. எதையும் வண்டியில் மாட்டவில்லை. பொருள்களிலும் குறை உண்டு. ஆனால் அவற்றைவிட ஆபத்தானது அந்தத் தாள்தான்.

‘6.5 லிட்டர் ஊற்றவும்’ என்று அதில் அச்சிட்டிருக்கிறீர்கள். அது சொட்டு ஆயில்கூட இல்லாத கியர்பாக்ஸின் மொத்தக் கொள்ளளவு. கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டான பேனைக் கழற்றி வடித்தால் இறங்குவது ஏறக்குறைய பாதிதான். மீதி, இன்ஜினின் சக்தியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும், ஆயிலை ஆற்றும் கூலரிலும் தங்கிவிடும். தாளை நம்பி 6.5 லிட்டரையும் ஊற்றுகிறவரின் வண்டியில் ஏறக்குறைய மூன்று லிட்டர் கூடுதலாக இருக்கும். சுழலும் பாகங்கள் அந்த ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும், பிரஷர் விழும், கிளட்ச் தட்டுகள் நழுவிக் கருகும். வடிந்த ஆயிலை அளந்து அதே அளவு புது ஆயிலை ஊற்றிவிட்டு, பிறகு லெவல் பார்ப்பதுதான் முறை. வடிந்ததை அளக்க வேண்டும் என்றே தாளில் இல்லை.

லெவல் பார்ப்பது பற்றியும் ஒரு வரி இல்லை. இந்த கியர்பாக்ஸில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் கிடையாது. பேனின் அடியில் உள்ள செக் பிளக்கைக் கழற்றினால், உள்ளே ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய் நிற்கும். ஆயில் அதன் உச்சியைத் தாண்டினால் வழியும். அந்த உச்சிதான் லெவல். நான்கு சக்கரங்களையும் சம உயரத்தில் தூக்கி, ஸ்டாண்டுகளில் நிறுத்தி, இன்ஜினை ஐடிலில் ஓட விட்டு, லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில நொடி நிறுத்தி, ‘பி’க்குக் (பார்க்) கொண்டுவந்த பிறகுதான் பிளக்கைத் திறக்க வேண்டும். அப்போது ஆயிலின் சூடு 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரில் அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஆறிய ஆயில் சுருங்கியிருக்கும் என்பதால், அப்போது பார்த்து ஊற்றினால் கூடிவிடும். கொதிக்கும்போது பார்த்தால் குறைந்துவிடும். தாரையாக வழிவது மெலிந்து சொட்டாகும் நேரத்தில் பிளக்கை மூட வேண்டும். ஒன்றுமே வரவில்லையென்றால் மேலே உள்ள ஃபில் பிளக் வழியாக இன்னும் ஊற்ற வேண்டும்.

இதே குழாயால் இன்னொரு விபரீதமும் இருக்கிறது. ‘டிரெயின் போல்ட்டைக் கழற்றி, சொட்டு நின்றதும் பேனைக் கழற்றவும்’ என்கிறது தாள். டிரெயின் போல்ட் என்பதும் மேலே சொன்ன செக் பிளக்தான். 6 மி.மீ. ஆலன் கீயால் உள்ளே உள்ள குழாயையும் கழற்றினால்தான் ஆயில் இறங்கும். கழற்றாவிட்டால் கொஞ்சம் சொட்டி நின்றுவிடும். காலியாகிவிட்டது என்று நம்பிப் பேன் போல்ட்டுகளைக் கழற்றுகிறவர் முகத்தில் சுடச்சுட ஆயில் கொட்டும். இதைவிடப் பெரிய பிழை வேறு இல்லை. ஃபில் பிளக் கழல்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் வடிக்க வேண்டும் என்ற அடிப்படை எச்சரிக்கையும் இல்லை. அது இறுகிப்போயிருந்தால் வடித்த வண்டியில் ஆயில் ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டியதுதான்.

பேன் போல்ட்டுகளுக்கு 25 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது. 7 முதல் 8 வரை போதும். அலுமினிய மரை அதற்கு மேல் தாங்காது; கார்க் கேஸ்கட்டும் பிதுங்கி ஒழுகும்.

இனி பொருள்கள். ஆயில் டப்பாவில் ‘டெக்ஸ்ரான் 3, எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும்’ என்று லேபிள். இந்த கியர்பாக்ஸுக்கு வேண்டியது டொயோட்டா டபிள்யூ.எஸ். வகை. அது டெக்ஸ்ரான் 3-ஐவிட மெலிந்தது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றக் கூடாது. டெக்ஸ்ரான் தரத்தை வகுத்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே டெக்ஸ்ரான் 3 உரிமங்களை 2006-ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டது.

ஃபில்டரின் கழுத்தில் உள்ள ஓ-ரிங் மெலிதாக இருக்கிறது. சரியான ரிங் என்றால் ஆயில் தடவி, கட்டைவிரலால் அழுத்தினால்தான், ஆயிலைக் கிளட்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியின் துளைக்குள் இறங்கும். இதன் வெளி விட்டத்தை வெர்னியரில் அளந்தேன். கம்பெனி ரிங்கைவிடக் குறைவு. இந்த இடைவெளியில் காற்று புகுந்தால் காலையில் ‘டி’ (டிரைவ்) போட்டதும் வண்டி நகராமல் தயங்கும், பம்ப் இரையும். குறை எங்கே என்று தேடி வால்வு பாடியையே மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு.

என் கோரிக்கைகள் மூன்று. முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். அந்தத் தாளையும், ‘கேம்ரிக்குப் பொருந்தும்’ என்ற வாசகத்தையும் இன்றே நீக்குங்கள். ஏற்கெனவே இந்த கிட்டை வாங்கிய ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் தகவல் சொல்லுங்கள். 6.5 லிட்டரையும் ஊற்றியவர்கள் வண்டியை ஓட்டாமல், ஆயிலை வடித்துச் சரியான வகையை நிரப்பி, மேலே சொன்ன முறையில் லெவல் பார்க்க வேண்டும். அந்தச் செலவு உங்களுடையது.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் செல்வேன். குறிப்புத்தாள், டப்பா லேபிள், இரண்டு ஓ-ரிங்குகளையும் அருகருகே வைத்து எடுத்த படங்கள், பில் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
கோயம்புத்தூர்