தமிழ்மொழி விழா ஏற்பாட்டாளர்களுக்கு: தூதர் நாதனைப் பற்றியும் பேசுங்கள்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டாளர்களுக்கு, வணக்கம்.

ஏப்ரல் வந்தால் இளையர்களுக்காக நிறையச் செய்கிறீர்கள். எஸ்.ஆர். நாதன் பெயரும் மேடையில் வருகிறது. ஆனால் எப்போதும் சிங்கப்பூர் அதிபர் நாதன்தான். அவர் அதிபரான 1999க்கு முந்தைய நாதனுக்கும் ஒரு நிகழ்ச்சி ஒதுக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

வெளியுறவு அமைச்சில் அவர் சேர்ந்தது 1966இல், 41 வயதில். அதற்குமுன் மருத்துவச் சமூகப் பணியாளர், மாலுமிகள் நல அதிகாரி, பிறகு தொழிற்சங்கத்தில் ஆய்வு வேலை. பிள்ளைக்குப் பதினெட்டு வயதிலேயே எல்லாம் முடிவாகிவிட வேண்டும் என்று பதறும் பெற்றோர் இதைக் கேட்டால் நல்லது. 1974இல் லாஜு என்ற பயணிகள் படகைக் கடத்தியவர்களோடு குவைத் வரை விமானத்தில் சென்ற 13 அதிகாரிகளுக்குத் தலைமை தாங்கியவர் அவர். அந்தக் கதை பலருக்கும் தெரியும்.

எனக்குப் பெரிதாகப் படுவது அப்புறம் வந்த தூதர் பதவிகள். 1986இல் இஸ்ரேலிய அதிபர் சிங்கப்பூர் வந்துபோனதில் மலேசியாவுக்குக் கடுங்கோபம். இரண்டே ஆண்டில், 1988இல், நாதன் கோலாலம்பூருக்குத் தூதராகப் போகிறார். 1990 முதல் 1996 வரை வாஷிங்டன். 1994இல் மைக்கேல் ஃபே என்ற அமெரிக்க இளையருக்குச் சிங்கப்பூரில் பிரம்படித் தண்டனை விதிக்கப்பட்டபோது அமெரிக்க அதிபர் கிளின்டனே கருணை காட்டச் சொன்னார். ஆறு அடி நான்கானது, ரத்தாகவில்லை. முடிவெடுத்தவர்கள் சிங்கப்பூரில். அமெரிக்கர்களின் கோபத்துக்கு முகம் கொடுக்க வேண்டியவர் அங்கிருக்கும் தூதர். விருந்து, கோட்டு சூட்டு என்று நாம் நினைக்கிற வேலையில் பாதி இதுதான்.

சரி, என்ன செய்யலாம்? தொடக்கக் கல்லூரி மாணவரை மேடையேற்றி, "நீங்கள்தான் வாஷிங்டன் தூதர், பிரம்படிச் செய்தி இன்று வந்திருக்கிறது, செய்தியாளர்கள் வாசலில் நிற்கிறார்கள்" என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடம் தமிழில் சமாளிக்கட்டும். மனப்பாடம் செய்துவந்த உரை அங்கே உதவாது. ஓய்வுபெற்ற வெளியுறவு அதிகாரி ஒருவரை நடுவராக அழைத்தால், எந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவர் காட்டுவார்.

நேரம் இல்லை என்பீர்கள். பட்டிமன்றத்தில் ஒரு சுற்றைக் குறைத்தால் போதும்.

இப்படிக்கு,
விழாவுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் ஒரு பெற்றோர்