மூட்டுவலியோடு அசதியையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் மூட்டுவலிக்கு என்னென்ன சாப்பிடலாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், ஆட்டுக்கால் சூப் எல்லாம் இருந்தன. எனக்கும் பிரண்டைத் துவையல் பிடிக்கும், அதில் சண்டை இல்லை. ஆனால் எந்த மூட்டு, எந்த நேரத்தில் வலிக்கிறது, எத்தனை மாதமாக வலிக்கிறது என்று அந்தக் கட்டுரை ஓரிடத்திலும் கேட்கவில்லை. அசதி என்ற பேச்சே அதில் இல்லை. அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் நான். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கம் முக்கூடல், ஆலங்குளம் வட்டாரம். தெருவுக்குத் தெரு பீடி சுற்றும் பெண்கள். "கையி காலெல்லாம் ஒரே கொடச்சல் சிஸ்டர், ஒரு ஊசி போட்டு விடுங்க" என்றுதான் வருவார்கள். சீட்டில் 'உடம்பு வலி' என்று விழும். ஒரு டைக்ளோஃபினாக் ஊசி, நாலு வலி மாத்திரை, வயிற்றுப்புண்ணுக்கு ஒன்று. பீடி சுற்றினால் கை வலிக்கத்தானே செய்யும் என்று அவர்களும் நினைப்பார்கள், நாங்களும் நினைப்போம். காலையிலிருந்து நூற்றுக்கணக்கான சீட்டுகளைப் பார்க்கும் டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வரிசையில் நிற்கும்போதே கேட்டுவிடக் கூடிய கேள்விகள் சில உண்டு.

முதல் கேள்வி, காலையில் எழுந்ததும் விரல் மடங்குகிறதா என்பது. மருத்துவப் புத்தகம் 'விறைப்பு எத்தனை நிமிடம்' என்று கேட்கச் சொல்லும். எந்த அம்மாவும் நிமிடம் பார்த்துக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்திருப்பதில்லை. "இலை வெட்டுற கத்தரியை எத்தனை மணிக்குப் பிடிக்க முடியுது?" என்று கேட்க வேண்டும். "பத்து மணி ஆயிரும், அதுக்கு முன்ன வெரலு மடங்க மாட்டேங்கு" என்று பதில் வந்தால் அது வேலையால் வந்த வலி இல்லை என்று சந்தேகப்பட வேண்டும். வயதானவர்களுக்கு வரும் முழங்கால் தேய்மானம் நடக்க நடக்க வலிக்கும், உட்கார்ந்தால் தணியும். காலை இறுக்கம் அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதம் நேர்மாறு. ஓய்ந்திருந்த பிறகுதான் பிடித்துக்கொள்ளும், புழங்கப் புழங்க இளகும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய் அது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். முப்பது, நாற்பது வயதிலேயே தொடங்கிவிடும்.

அடுத்தது கேள்வி இல்லை, கைதான். நோயாளியின் புறங்கை முட்டிகள் நான்கையும் இரு பக்கமிருந்தும் மெல்லச் சேர்த்து அமுக்கிப் பாருங்கள். முகம் சுளித்தால் அதைச் சீட்டில் எழுதுங்கள். பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள். மூட்டுகளை எண்ணி நோயின் அளவைக் கணக்கிட டாக்டர்கள் பயன்படுத்தும் 28 மூட்டுக் கணக்கில் பாதம் கிடையாது. ஆனால் பலருக்கு நோய் அங்கேதான் தொடங்குகிறது. "கூழாங்கல்லு மேல நடக்க மாதிரி இருக்கு" என்று சொன்ன பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சல் வந்து தொடங்கிய வலியா என்பதையும் கேட்க வேண்டும். 2006இல் தமிழ்நாடு முழுக்க சிக்குன்குனியா பரவியபோது எங்கள் வராந்தாவில் நிமிர்ந்து நடந்தவர்களை எண்ணிவிடலாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் விட்டது, சிலருக்கு மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட இழுத்தது. அன்றிலிருந்து எந்த மூட்டு வீங்கினாலும் "அந்தக் காய்ச்சல் வலிதான், போகப் போகச் சரியாயிரும்" என்று சொல்லும் பழக்கம் ஊரில் தங்கிவிட்டது. ஆறு வாரத்துக்கு மேல் வீக்கம் வற்றாவிட்டால் 'போகப் போக' என்று இருக்கக் கூடாது. ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று வீங்கி, சுட்டு, காய்ச்சலும் அடித்தால் ஆறு வாரம் இல்லை, ஆறு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயதுப் பெண்ணுக்கு மூட்டுவலியோடு முடி கொட்டுதல், வாய்ப்புண், வெயிலில் போனால் கன்னத்தில் சிவந்த தடிப்பு இருந்தால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையாவது செய்யுங்கள். எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் இன்னொரு நோயான லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்குவதை அந்த மலிவான பரிசோதனை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

இனி அசதி. நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். வீங்கிய விரலை நீட்டிக் காட்டலாம், அசதியை எதைக் காட்டி நிரூபிப்பது? எங்கள் தெருவில் ஒரு பெண், நாற்பது வயது ஆகவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுச் சுவரில் சாய்ந்தால் மதியம்வரை எழ மாட்டாள். பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி, கை நின்றால் காசு நின்றது. "உக்காந்தே இருந்து சோம்பேறி ஆயிட்டா" என்று மாமியார் சொன்னார். அந்த அம்மாள் கொடுமைக்காரர் இல்லை. அறுபது வயதுக்கு மேலும் குடம் சுமக்கிறவர், அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். முடக்குவாதத்தில் மூட்டை வீங்கச் செய்யும் அதே அழற்சிதான் உடம்பு முழுவதையும் துவள வைக்கிறது. அதோடு இரத்தசோகை, வலியால் கெட்ட தூக்கம், பசியில்லாமை, மனச்சோர்வு எல்லாம் கூடிக்கொள்கின்றன. தூங்கி எழுந்தாலும் தீராத அசதி அது.

அதற்காக அசதியை எல்லாம் முடக்குவாதத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. நம் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தம் குறைவு என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது. ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்க்காமல் சத்து டானிக் எழுதுவது வீண். "தூக்கம் வருதா? மனசு எப்படி இருக்கு?" என்று கேட்பதற்கு லேப் தேவையே இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டதும் அழுதுவிட்டவர்கள் உண்டு.

அந்தப் பெண்ணின் கதை இன்னும் இருக்கிறது. மருந்துக்கடையில் 'செட் மாத்திரை' வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாளே வலி பறந்துவிட்டது. சில மாதங்களில் முகம் உப்பி உருண்டையானது. ஊரே "உடம்பு தேறிட்டா" என்று மகிழ்ந்தது. அது தேறியது இல்லை, அந்தப் பொட்டலத்தில் கலந்திருந்த ஸ்டீராய்டு மாத்திரை செய்த வேலை. சர்க்கரையும் ஏறியிருந்தது. கையில் காசில்லாமல் ஒரு வாரம் மாத்திரை நின்றதும் வாந்தி, தலைசுற்றல், எழுந்து நிற்க முடியவில்லை. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன்னுடையதைச் சுரப்பதைக் குறைத்துவிடும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. டாக்டர் அளவு பார்த்துக் கொஞ்ச காலம் கொடுத்து, படிப்படியாகக் குறைப்பது ஒன்று. எந்த மாத்திரை என்றே தெரியாமல் காகிதப் பொட்டலத்தில் மடித்து வாங்குவது வேறு.

அவள் ஒரு தனியார் லேப்பில் வாதத்துக்கான இரத்தப் பரிசோதனையும் செய்திருந்தாள். 'நெகட்டிவ்' என்று வந்ததால் "உனக்கு வாதம் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முடக்குவாதம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது 'ஆர்.ஏ. ஃபேக்டர்' என்ற இந்த இரத்தப் பரிசோதனை நெகட்டிவாகத்தான் வரும். நோயே இல்லாத சில முதியவர்களுக்குப் பாசிட்டிவாக வருவதும் உண்டு. வீங்கிய விரலைத் தொட்டுப் பார்க்காமல் காகிதத்தை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். முதல் மூன்று, ஆறு மாதத்துக்குள் சரியான மருந்து தொடங்கினால் விரல் கோணுவதைப் பெருமளவு தடுக்கலாம். அவளுக்கு அந்தக் காலம் கைநழுவிவிட்டது.

இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருந்து கொடுக்கிறார்கள். முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள், ஃபோலிக் ஆசிட் என்ற சத்து மாத்திரை வேறு நாளில். இரண்டும் பல சமயம் சின்ன மஞ்சள் மாத்திரையாகவே இருந்து தொலைக்கும். மாற்றிப்போட்டு வார மாத்திரையைத் தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து, உயிரே போகலாம். மருந்தகத்தில் பட்டையின்மேல் 'செவ்வாய் மட்டும்' என்று தமிழில் எழுதிக் கொடுத்தால் என்ன? இந்த மருந்து பிடிக்க 6 முதல் 12 வாரம் ஆகும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் "இது கேக்கல" என்று பழைய பொட்டலத்துக்கே போய்விடுவார்கள். இரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனையைக் குறித்த நாளில் செய்ய வேண்டும். கர்ப்பத்தில் இந்த மருந்து ஆகாது. இன்னொரு பிள்ளைக்கு யோசிக்கிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: காலையில் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து விரலை மடக்கி நீட்டட்டும். குடத்துக்குப் பதில் ஒரு ஹோஸ் குழாய் வாங்கிப் போடுங்கள். துணி பிழியும் வேலையை மகன் செய்யட்டும், கை தேய்ந்துவிடாது. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் மூன்று நாள் வேலையை இழுத்துப் போட்டுச் செய்து, அடுத்த மூன்று நாள் படுத்துவிடும் பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. தினமும் கொஞ்சம், நடுவே ஓய்வு என்று பிரித்துக்கொண்டால் அசதி அடங்கும். நாள் முழுக்கப் படுத்தே இருந்தால் அசதி அதிகமாகத்தான் செய்யும். தினமும் சிறிது நடப்பது அசதிக்கு நல்லது. இதை முதலில் யாரும் நம்ப மாட்டார்கள்.

கடைசியாக அரசுக்கு ஒரு கோரிக்கை, தங்கள் நாளிதழ் வழியாக. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரையும், தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல திட்டம், எங்கள் தெருவிலும் பலன் பார்க்கிறோம். வருகிற பெண் சுகாதாரத் தன்னார்வலர்களின் பதிவேட்டில் இன்னும் இரண்டு கேள்விகள் சேர்த்தால் போதும். 'காலையில் விரல் மடங்க அரை மணிக்கு மேல் ஆகிறதா?' 'தூங்கி எழுந்தும் அசதி போகவில்லையா?' இரண்டுக்கும் ஆம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசியோடு அனுப்பிவிடாமல் மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு சீட்டு. பீடித் தொழிலாளர் நல மருந்தகங்களிலும் இதைச் செய்யலாம். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் விரலை நம்பிப் பிழைப்பவர்கள்.

தங்கள் மருத்துவப் பக்கத்தில் அடுத்த முறை வாதநோய் நிபுணர் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது. பிரண்டைத் துவையல் செய்முறை வேண்டுமானால் நான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர்,
முக்கூடல்.