நவம்பர் 1-க்கு ஒரு கார்டு

ஆக்ரன், ஒஹாயோ
அக்டோபர் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றிருக்கும், மரத்தில் காய்ந்துபோன ஒட்டுப்பால் விற்றுத்தான் வீடு ஓடுகிறதா? இங்கே மரமெல்லாம் இலை பழுத்துச் சிவந்து நிற்கிறது. அதைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் கார் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். நம் ரப்பர் மரமும்தான் வருஷா வருஷம் இலை கொட்டுகிறது, யார் வந்து பார்த்தார்கள்! இத்தனைக்கும் இந்த ஊருக்கு ஒரு காலத்தில் உலகத்தின் ரப்பர் தலைநகரம் என்று பெயர். குட்இயர் கம்பெனி 1898-இல் இங்கேதான் தொடங்கியது. பேருக்குக்கூட ஒரு ரப்பர் மரம் கிடையாது.

ஆகஸ்ட் 15-க்கு நான் ஈமெயிலில் அனுப்பிய வாழ்த்துக் கார்டைத் தங்கச்சி வைரஸ் என்று பயந்து திறக்கவே இல்லை என்றீர்களே, அவளைத் திட்டாதீர்கள். 2007-இல் இங்கே ஜூலை 4 சுதந்திர தினத்தை ஒட்டி ‘உங்களுக்கு வாழ்த்து அட்டை வந்திருக்கிறது’ என்று ஊரெல்லாம் ஈமெயில் வந்தது. சுட்டியை அமுக்கியவர்களின் கம்ப்யூட்டருக்குள் ஸ்டார்ம் என்ற வைரஸ் புகுந்துகொண்டது. யார் அனுப்பியது என்று தெரியாத கார்டைத் திறக்காமல் இருப்பதே நல்லது. என் பெயர் போட்டு வந்தாலும் எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத் திறக்கட்டும்.

இந்த ஈமெயில் கார்டுக்குக் காசு எவ்வளவு என்றும் கேட்டீர்கள். வருஷத்துக்கு ஒரு சந்தா கட்டினால் போதும், எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். படத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வரி எழுதி, எந்தத் தேதியில் போக வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைத்துவிடலாம். அவர்கள் திறந்து பார்த்ததும் நமக்குத் தகவல் வரும். இந்தத் தொழிலில் பெரிய கம்பெனியான அமெரிக்கன் கிரீட்டிங்ஸ் பக்கத்துக் கிளீவ்லாந்தை ஒட்டித்தான் இருக்கிறது. போலந்திலிருந்து வந்த ஜேக்கப் சபிர்ஸ்டீன் என்பவர் 1906-இல் குதிரை வண்டியில் போஸ்ட் கார்டு விற்றுத் தொடங்கினாராம். வந்தேறியின் பிழைப்பு என்பதால் எனக்கு அந்தக் கதை பிடிக்கும்.

ஆனால் திறந்து பார்த்த தகவல் வருகிறதே, அதனால் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. போனில் சொல்ல வாய் வரவில்லை. மே மாதக் கடைசித் திங்கட்கிழமை இங்கே மெமோரியல் டே. மூன்று நாள் சேர்ந்தாற்போல லீவு, எல்லா வீட்டு முற்றத்திலும் இறைச்சி சுடுகிறார்கள், கடைகளில் தள்ளுபடி. சரி, நம் ஊர் திருவிழா மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். பலூன் பறக்க, கறி சுடுகிற அடுப்பு புகைய, ‘ஹேப்பி மெமோரியல் டே’ என்று ஒரு கார்டை ஆபீஸில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அம்மாள் ஒருவர் காலை ஏழு மணிக்கே திறந்து பார்த்ததாகத் தகவல் வந்தது. பதில் இல்லை.

மறுநாள் மத்தியானம் அவரே என் மேசைக்கு வந்தார். தம்பி ஈராக் போரில் செத்துப்போனானாம். “அது ஹேப்பி சொல்கிற நாள் இல்லை. தப்பில்லை, நீ புதுசு” என்றார். 1860-களில் உள்நாட்டுப் போரில் செத்தவர்களின் கல்லறைக்குப் பூ வைக்கத் தொடங்கிய நாளாம் அது. மத்தியானம் வரை கொடி அரைக்கம்பத்தில்தான் பறக்கும். நான் கம்பத்தைப் பார்த்தேன், காற்றில்லை என்று நினைத்தேன்.

எனக்குப் பாட்டா ஞாபகம் வந்தது. ஆகஸ்ட் 11 ஆனால் புதுக்கடைக்குப் போய்விட்டு வந்துதான் கட்டஞ்சாயாகூடக் குடிப்பார், இல்லையா? 1954-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடி, திருவிதாங்கூர் கொச்சிப் போலீஸ் சுட்டதில் செத்தவர்களுக்காக. நாலு நாள் கழித்து ஆகஸ்ட் 15-க்கு அதே பாட்டா எங்களுக்கு மிட்டாய் வாங்கித் தருவார். இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்து வளர்ந்தவன், பலூன் அனுப்பியிருக்கிறேன். அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன், கார்டு எதுவும் அனுப்பவில்லை.

அடுத்த மாதம் நவம்பர் 1. பாறசாலை மாமாவுக்குக் கேரளப் பிறவி கார்டு குறித்து வைத்துவிட்டேன், வள்ளமும் கதகளியும் போட்டது நிறையவே இருக்கிறது. ஆனால் 1956-இல் அதே நாளில் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்கு உங்களுக்கு அனுப்பலாம் என்று தேடினால் ஒன்றும் சிக்கவில்லை. ஜூலை 18-தான் தமிழ்நாடு நாள் என்று அரசு 2021-இல் அறிவித்தபோது உங்களுக்கு வந்த கோபம் நினைவிருக்கிறது. அதனால்தான் இந்தக் காகிதக் கடிதம். நேரத்துக்கு வந்து சேர்ந்தால் சரி.

தங்கச்சியைப் புதுக்கடைக்குப் போய் அங்கே செத்தவர்களின் நினைவு ஸ்தூபியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் எடுக்கட்டும், பக்கத்துக் கடை போர்டு விழாமல். அதை வைத்து நானே ஒரு கார்டு செய்யப் போகிறேன். அதில் என்ன எழுத வேண்டும் என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள், வாழ்த்து என்று போடலாமா?

அம்மாவின் முட்டுவலிக்குப் பணம் தனியாகப் போட்டிருக்கிறேன். அதை ரப்பர் உரத்துக்குச் செலவழிக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகன்