ஈஜிப்ஷியன் தியேட்டர் பாத்துட்டு வந்தேன்டா

டேய் குமாரு,

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேட்டதும்தான் நிம்மதியாச்சு, நடக்க ஆரம்பிச்சிட்டாங்களா?

போன சனிக்கிழமை ஹாலிவுட்ல ஈஜிப்ஷியன் தியேட்டருக்குப் போனேன்டா, அத உன்கிட்ட சொல்லாம இருக்க முடியல. 1922 அக்டோபர்ல சிட் கிராமன் கட்டித் தொறந்தது, ஹாலிவுட்டோட முதல் பிரீமியரே அங்கதான். எகிப்து ராஜா டுட்டன்காமன் கல்லறைய கண்டுபிடிச்சது அதுக்கு அடுத்த மாசம்! ஊரே எகிப்து எகிப்துன்னு பேசறதுக்கு முன்னாடியே இங்க தடிதடியா தூணும் சுவரு பூரா சித்திரமுமா நிக்குது. முன்னாடி நீளமா ஒரு முற்றம், அதுல நடக்க நடக்க ரோட்டு சத்தம் கொறஞ்சு மனசு படத்துக்கு ரெடி ஆயிடுது.

1994 பூகம்பத்துல செம அடி, அப்புறம் அமெரிக்கன் சினிமாதெக்குனு ஒரு அமைப்புக்கு ஒத்த டாலருக்குக் குடுத்தாங்க, சரி பண்ணி படம் ஓட்டணும்னு கண்டிஷன். 2020ல நெட்ஃபிளிக்ஸ் வாங்கி, முழுசா புதுப்பிச்சு 2023 நவம்பர்ல தொறந்துச்சு. ஆரம்பத்துல 1,700 சீட்டுக்கு மேல, இப்போ 516தான், ஆனா ஒரே ஹால், ஒரே ஸ்க்ரீன், துண்டு போடல பாரு, அதுக்கே கும்பிடலாம்.

நான் பாத்தது நைட்ரேட் பிரிண்ட்டுடா! 1950க்கு முந்தின ஃபிலிம், தீப்பிடிச்சா தண்ணிக்குள்ள போட்டாலும் எரியும், அதனால ஆபரேட்டர் ரூமே தீ தாங்கற மாதிரி இருக்கணும், அமெரிக்காவுல இத ஓட்டற தியேட்டர விரல் விட்டு எண்ணிடலாம். கறுப்புன்னா அப்படி ஒரு கறுப்பு, ஹீரோயின் திரும்பும்போது பட்டு டிரஸ் மடிப்புல வெளிச்சம் வழுக்கிட்டு ஓடுது, டிஜிட்டல்ல இத நான் பாத்ததே இல்ல. ரீல் முடியப் போறப்ப அடுத்த ரீலுக்கு மாத்தச் சொல்லி வலது மேல் மூலையில ஒரு புள்ளி வந்துட்டுப் போச்சு, நம்ம ஊரு தியேட்டர்ல உங்க மாமா காட்டுவாரே, அதே புள்ளி. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கட்டடத்த மட்டும் பெயிண்ட் அடிச்சு வெச்சா போதாதுடா, அந்த மெஷினும் அத ஓட்டத் தெரிஞ்ச ஆளும் இருந்தாத்தான் அது தியேட்டரு.

மாமா நல்லா பேசற நிலைமையில இருக்காரா? புரொஜக்டர் வெளிச்சத்துக்கு கார்பன் குச்சி போட்டு ஓட்டின காலத்தப் பத்தி அவர்கிட்ட நெறைய கேக்கணும். ஞாயித்துக்கிழமை காலைல அவரு பக்கத்துல உக்காந்து வீடியோ கால் போடு.

அன்புடன்,
செல்வம்