பெரிய தோட்டாவுக்கு லேசான துப்பாக்கி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஆப்பிரிக்க வேட்டைச் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வேட்டை சரியா தப்பா என்று கட்டுரையாளர் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறார், அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. நம் நாட்டில் 1972-லேயே சட்டம் போட்டு வேட்டையை நிறுத்தியாயிற்று, அதில் எனக்கு முழு சம்மதம். ஆனால் அதே பக்கத்தில் துப்பாக்கிகள் பற்றி ஒரு பெட்டிச் செய்தி இருந்ததே, மூன்றரை கிலோ எடையிலேயே யானையைச் சாய்க்கும் துப்பாக்கிகள் வந்துவிட்டன, எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று, அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஜாம்பியாவில் லுவாங்குவா பள்ளத்தாக்கில் ஒரு வேட்டை முகாமில் கிடங்கும் கணக்கும் பார்த்துப் பல வருடம் இருந்தவன் நான். வெளிநாடுகளில் இருக்கும் நம் ஆட்களும் இப்போது இந்த வேட்டைக்குப் பணம் கட்டிப் போகிறார்கள். அவர்களில் ஒருவர் அந்தப் பெட்டிச் செய்தியை நம்பித் துப்பாக்கி வாங்கினால் ஆபத்து அவருக்கு மட்டும் இல்லை, அவருக்கு முன்னால் நடக்கும் ஆளுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் கணக்கு. துப்பாக்கி வெடிக்கும்போது குண்டு முன்னால் போகிற அதே வேகத்தில் இல்லாவிட்டாலும் அதற்கு ஈடான உந்தத்தோடு துப்பாக்கி பின்னால் வந்து தோளில் உதைக்கும். தோட்டா ஒன்றுதான் என்றால், எடை குறையக் குறைய அந்த உதை கூடும். யானைக்கும் எருமைக்கும் போடுகிற .458 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள் (இந்த எண் ஏறக்குறைய குண்டின் விட்டம், அங்குலத்தில்), 32 கிராம் குண்டு, நொடிக்கு 640 மீட்டர் வேகம். நாலரை கிலோ துப்பாக்கியில் இதைச் சுட்டாலே, நம் ஊர் போலீஸ்காரர்கள் வைத்திருந்த பழைய .303 துப்பாக்கியின் உதையைப் போல நாலைந்து மடங்கு. அதே தோட்டாவை 3.6 கிலோ துப்பாக்கியில் போட்டால் உதை இன்னும் கால் பங்கு கூடிவிடும், உதைக்கிற வேகமும் கால் பங்கு கூடும். உடம்பு தாங்க முடியாமல் போவது பெரும்பாலும் அந்த வேகத்தைத்தான், கனமான துப்பாக்கி தோளைத் தள்ளும், லேசான துப்பாக்கி குத்தும்.

வலியைத் தாங்கிக்கொள்ளலாம், ஆண்பிள்ளை இதற்கெல்லாம் பயப்படலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிரச்சினை வலி இல்லை. வேட்டைக்கு வருபவர்கள் முதல் நாள் முகாமுக்குப் பின்னால் ஒரு அட்டையை வைத்துச் சுட்டுக் காட்ட வேண்டும், துப்பாக்கி வழியில் எங்காவது இடிபட்டுக் குறி மாறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் இது. ஆனால் கூட நிற்கும் தொழில்முறை வேட்டைக்காரர் அட்டையைவிட ஆளைத்தான் பார்ப்பார். லேசான துப்பாக்கியில் பெரிய தோட்டா போட்டவர் முதல் குண்டை நன்றாகச் சுடுவார். இரண்டாவதில் கண் இறுகும், மூன்றாவதில் விசையை மெதுவாக அழுத்தாமல் வெடுக்கென்று இழுப்பார், குண்டு அட்டையின் கீழ் ஓரத்தில் போய் விழும். சில சமயம் அவருக்குத் தெரியாமல் வெடிக்காத வெற்றுத் தோட்டா போட்டுக் கொடுப்பார்கள். விசையை இழுத்ததும் 'டிக்' என்று மட்டும் சத்தம் கேட்கும், ஆனால் துப்பாக்கி முனை நாலு விரல் கீழே இறங்கியிருக்கும். வெடிக்கும் முன்பே உடம்பு பயந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம், மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு ஒரே நாளில் இதைச் சரிசெய்துவிடவும் முடியாது.

அப்புறம் அதே ஆள் மறுநாள் 700 கிலோ காட்டெருமைக்கு முன்னால் நிற்கிறார். குண்டு நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் பட்டால் அது சாகாது, அடர்ந்த புதருக்குள் போய் நிற்கும். காயப்பட்ட மிருகத்தை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது, தேடிப் போய் முடிக்க வேண்டும், அது அங்கே சட்டமாகவும் வழக்கமாகவும் இருக்கிற கடமை. அப்படிப் போகும்போது முன்னால் நடப்பவர் சுவடு பார்ப்பவர். பக்கத்துக் கிராமத்து ஆள், கையில் பெரும்பாலும் துப்பாக்கி கிடையாது, கண் முழுக்கத் தரையில் இருக்கும். எருமை பாய்ந்தால் முதலில் அவர்மேல்தான் பாயும். நான் எடையைப் பற்றி இவ்வளவு எழுதுவது அந்த மனிதருக்காகத்தான்.

எருமை பாயும்போது வேண்டியது இரண்டாவது குண்டு. உதைத்த உதையில் முனை வானத்தைப் பார்த்துப் போய்விட்டால் அதைத் திரும்ப இறக்கிக் குறி பிடிப்பதற்குள் எருமை வந்து சேர்ந்துவிடும். போதுமான எடை இருந்தால் முனை அவ்வளவு எழும்பாது, கண் குறியை விட்டு அகலாது. எடை வேண்டும் என்பதற்கு முதல் காரணமே இதுதான், தோளைக் காப்பாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.

லேசான துப்பாக்கியை விற்பவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், குழல் முனையில் துளைகள் போட்ட பிரேக் ஒன்றை மாட்டிவிட்டால் உதை குறைந்துவிடுமாம். குறையும், உண்மைதான். ஆனால் வெடிமருந்தின் வாயு அந்தத் துளைகள் வழியாகப் பக்கவாட்டில் பீறிட்டு வரும், பக்கத்தில் நிற்பவர் காதில் சத்தம் அறைந்தது போல விழும். சுடுகிறவர் காதில் அடைப்பான் வைத்திருப்பார், சுவடு பார்ப்பவர் வைக்க முடியாது, காட்டில் சின்னச் சத்தத்தைக் கேட்பதுதான் அவருடைய வேலை. தன் தோளுக்காக இன்னொருவர் காதைக் கெடுப்பது எந்த வகையில் நியாயம்? பல தொழில்முறை வேட்டைக்காரர்கள் பிரேக் மாட்டிய துப்பாக்கியை வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

சரி, அப்படியானால் எடை கூடக் கூட நல்லதா? அதுவும் இல்லை. எருமைச் சுவட்டின் பின்னால் ஒரு நாளில் 15, 20 கிலோமீட்டர் நடப்பது சாதாரணம். அக்டோபரில் லுவாங்குவாவில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆறு கிலோ துப்பாக்கியோடு கிளம்பியவர் மத்தியானத்துக்குள் அதை உதவியாளிடம் கொடுத்துவிடுவார், சரியாக அந்த நேரம் பார்த்து மிருகம் எதிரே வரும். கையில் இல்லாத துப்பாக்கி எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. 1840-களில் இலங்கையில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ எடையுள்ள துப்பாக்கி வைத்திருந்தார். கரிமருந்துக் காலத்தில் குண்டின் வேகம் குறைவு, அதனால் குண்டைப் பெரிதாக்க வேண்டியிருந்தது, குண்டு பெரிதானால் துப்பாக்கியும் கனக்கும். அதைத் தூக்கக் கூடவே ஆட்கள் இருந்தார்கள். 1898-ல் துப்பாக்கி செய்யும் ரிக்பி நிறுவனம், குண்டுக்கு அதிக வேகம் தரும் புகையில்லா மருந்தில் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவைக் கொண்டுவந்த பிறகுதான் ஐந்து கிலோ இரட்டைக்குழல் துப்பாக்கியால் யானையை நிறுத்த முடிந்தது.

இந்த இடத்தில் புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டையும், ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய 'காரமோஜோ' பெல்லையும் யாராவது எடுத்துக் காட்டுவார்கள் என்று தெரியும். பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர், அதில் பெரும்பகுதி 7 மில்லிமீட்டர் போன்ற சின்னத் தோட்டாவில். கார்பெட்டுக்கு 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காகப் பரிசாகக் கிடைத்ததும் அதே வகைத் தோட்டா போடும் ரிக்பி துப்பாக்கிதான், மலையில் நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்க வசதியானது. பாருங்கள், இரண்டு பேருமே லேசான துப்பாக்கியில் சின்னத் தோட்டாவைப் போட்டவர்கள். லேசான துப்பாக்கியில் யானைத் தோட்டாவைத் திணிக்கவில்லை. பெல் யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர், புலி தோல் மெல்லிய மிருகம். விடுமுறையில் பத்து நாள் வந்து போகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, பல நாடுகளில் ஆபத்தான மிருகங்களுக்கு .375-க்குக் கீழே சட்டமே அனுமதிப்பதில்லை. ஆனால் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. எடை குறைய வேண்டுமானால் முதலில் தோட்டாவைக் குறையுங்கள்.

1912-ல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் கொண்டுவந்த .375 தோட்டாவுக்கு ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் 4 முதல் 4.3 கிலோ வரை சரியாக இருக்கும். .416 ரிக்பிக்கும் .458-க்கும் நாலரை கிலோவுக்குக் குறையவே கூடாது. .470 இரட்டைக்குழலுக்கு ஐந்து கிலோ, .500-க்கு ஐந்தரை. .600 நைட்ரோவுக்கு ஏழு கிலோ வேண்டும், அது நாள் முழுக்க நடக்கிறவருக்கான துப்பாக்கியே இல்லை. விலைப்பட்டியலில் போட்டிருப்பது வெறும் துப்பாக்கியின் எடை. ஸ்கோப்பும் அதன் பிடிப்புகளும் அரை கிலோவுக்கு மேல் சேர்க்கும், தோட்டாக்களும் வாரும் இன்னும் கால் கிலோ. எல்லாவற்றையும் மாட்டித் தராசில் வைத்துப் பார்த்த பிறகுதான் தூக்க முடியுமா என்று முடிவு செய்ய வேண்டும்.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். குழல் முனையில் கனம் இருந்தால் நாலு கிலோவும் ஆறு கிலோ போலத் தெரியும், இரண்டு கைகளுக்கு நடுவில் இருந்தால் ஐந்து கிலோவும் சட்டென்று தோளுக்கு வரும். தோளில் பதியும் கட்டையின் நீளம் உங்கள் கைக்குப் பொருந்தாவிட்டால் எந்த எடையும் உதவாது. கடையில் தோளில் வைத்துப் பார்த்து ஆஹா லேசாக இருக்கிறதே என்று வாங்குவதைவிட, அதே மாதிரித் துப்பாக்கி ஒன்றில் நின்றுகொண்டு பத்துக் குண்டு சுட்டுப் பாருங்கள், பத்தாவது குண்டும் முதலாவது விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் விழுந்தால் வாங்கலாம். விழவில்லையா, .375-க்கு இறங்குங்கள். அதில் யாருக்கும் வெட்கம் தேவையில்லை, சரியான இடத்தில் பட்ட .375 குண்டு யானையையும் கொல்லும்.

உங்கள் அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தப் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். முழுக் கட்டுரை எழுத இடம் இல்லாவிட்டால், மேலே சொன்ன தோட்டாவையும் அதற்குரிய எடையையும் மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
லுவாங்குவாவில் பணியாற்றிய ஒரு வாசகர்