மதுரைத் தோழிக்கு, உடன்குடியிலிருந்து

உடன்குடி,
புரட்டாசி 20

அன்புள்ள தோழிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலமும் அத்தையின் நலமும் அறிய ஆவல். உன் கடிதம் வந்தபோது, மழைக்கு முன் அனுப்பிவிட வேண்டிய சரக்கைப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தோம். அதனால்தான் பதில் எழுத ஒரு வாரம் தாமதமாகிவிட்டது. அத்தை கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றும் சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கலாமா, அதில் என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். நான்கு ஆண்டுகளாக இந்த ஊர்க் கருப்பட்டியை அப்படித்தான் விற்கிறேன் என்பதால், பட்டதை எல்லாம் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலாவதாக, கணக்கைப் பொருளின் மேல் போடாதே. பார்சலின் மேல் போடு. நான் முதல் பருவத்தில் கிலோ 350 ரூபாய்க்கு வாங்கி 450 ரூபாய்க்கு விற்றால் நூறு ரூபாய் நிற்கும் என்று நம்பினேன். அட்டைப்பெட்டிக்கு 22, காற்றை நீக்கி அடைக்கும் உறைக்கு 9, லேபிளுக்கும் டேப்புக்கும் 6, கூரியருக்கு 70, இணையவழிப் பணம் வாங்கித் தரும் சேவைக்கு இரண்டு சதவீதம் வீதம் 9 என்று ஒருநாள் இரவு நோட்டில் எழுதிக் கூட்டியபோது 116 வந்தது. அதாவது ஒவ்வொரு கிலோவுக்கும் 16 ரூபாய் கைநட்டத்தில் மூன்று மாதம் விற்றிருக்கிறேன். வங்கிக் கணக்கில் நாள்தோறும் பணம் விழுந்துகொண்டே இருந்ததால் அது கண்ணில் படவே இல்லை. அதன்பின் ஒரு கிலோ ஆர்டரை நிறுத்திவிட்டு மூன்று கிலோ பெட்டியை மட்டும் வைத்தேன். எடை கூடும் அளவுக்குக் கூரியர் கட்டணம் கூடுவதில்லை, பெட்டியும் ஒன்றே போதும். தொழில் நிமிர்ந்தது அந்த மாற்றத்தால்தான்.

கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை என்பதையும் காசு கொடுத்தே கற்றேன். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வரும் எண்ணை ஒரு எடையாகக் கொண்டு, உண்மை எடையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் பெரும்பாலும் கட்டணம் போடுவார்கள். பனை ஓலைப் பெட்டிகளையும் விற்கலாம் என்று ஆசைப்பட்டு, முக்கால் கிலோகூட இல்லாத ஒன்றை 40, 30, 25 அளவுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பினேன். ஆறு கிலோவுக்கு பில் வந்தது. இப்போது ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி மூன்று அளவுகளில் பின்னச் சொல்லி, அடுக்காக மட்டுமே அனுப்புகிறேன். சேலைக்கு இந்தத் தொல்லை இல்லை. மடித்தால் ஒரு மெல்லிய உறைக்குள் அடங்கிவிடும் பொருள் உனக்கு வாய்த்திருப்பது பெரிய வசதி.

கருப்பட்டியின் பாடு வேறு. பங்குனி முதல் ஆடி வரைதான் பதநீர் நன்றாக இறங்கும். பனையேறி அன்றன்று இறக்கிக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுக்கும் சரக்குக்கு அன்றன்றே பணம் கொடுத்தாக வேண்டும். ஆனால் அதிகம் கேட்டு வருவது கார்த்திகையில், தீபத்தன்று கொழுக்கட்டைக்காக. அதுவரை பணம் பரணில் முடங்கிக் கிடக்கும். அதைவிடக் கொடுமை, கேட்பார் பெருகும் அந்த மாதமே கருப்பட்டிக்கு ஆகாத மாதம். ஈரக்காற்று பட்டால் இளகிவிடும். இரண்டாம் ஆண்டு கார்த்திகையில் சென்னைக்கு 42 பெட்டிகள் அனுப்பினேன். அங்கே கனமழை, பெட்டிகள் ஏதோ ஒரு கிடங்கில் நான்கு நாட்கள் கிடந்தன. வாடிக்கையாளர்கள் அனுப்பிய படங்களில் அட்டையின் மூலைகள் நனைந்து கறுத்துப் பிசுபிசுத்திருந்தன. ஒரு படத்தில் கருப்பட்டியின் அடிப்பாகம் வெண்ணெய் போல் உருகி, எங்கள் விலாசம் அச்சிட்ட தாளோடு ஒட்டிப்போயிருந்தது. தன் பேத்தியின் முதல் கார்த்திகைக்கு வாங்கியதாக ஓர் அம்மா எழுதியிருந்தார். நான் அன்று அழுதேன். அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர்களில் பெரும்பாலோர் இன்றும் எங்களிடமே வாங்குகிறார்கள்.

இப்போது ஒவ்வொரு வட்டையும் வெண்ணெய்த்தாளில் சுற்றி, உறையில் இட்டுக் காற்றை நீக்கி, மூன்றடுக்கு அட்டைக்குப் பதில் ஐந்தடுக்கு அட்டைப்பெட்டியில் வைத்து, இடைவெளியைத் தாளால் இறுக்குகிறோம். பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கும்போது உள்ளே சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி அடைப்போம். கார்த்திகைக்கு வேண்டியவர்கள் புரட்டாசிக்குள் வாங்கிவிடுங்கள் என்று எங்கள் விற்பனைப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். அடைமழை நாட்களில் ஆர்டரையே மூடிவிடுகிறேன்.

பொருள் கைக்கு வந்தபின் பணம் என்ற ஏற்பாட்டை உன்னிடம் எல்லோரும் கேட்பார்கள். ‘கையில் காசு, வாயில் தோசை’ என்பது கடைத்தெருவுக்குச் சரி. பார்சலில், வாங்க வேண்டியவர் கதவைத் திறக்காவிட்டால் போன கட்டணமும் திரும்பி வரும் கட்டணமும் உன் தலையில்தான் விழும். நான் முதல் ஆண்டோடு அதை நிறுத்திவிட்டேன். தயங்குகிறவர்களிடம் தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசுகிறேன். பாதிப் பேர் பேசி முடிக்கும்போதே பணம் அனுப்பிவிடுகிறார்கள்.

வரியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பெரிய விற்பனைத் தளங்களில் ஜிஎஸ்டி எண் இல்லாமல் விற்க முடியாது என்ற நிலை மாறிவிட்டது. ஆண்டு விற்றுமுதல் வரம்புக்குள், அதாவது நம் மாநிலத்தில் பொருள்களுக்கு 40 லட்சத்துக்குள் இருந்தால், 2023 அக்டோபர் 1 முதல் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே, ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்று மாநிலத்துக்குள் விற்கலாம். என் கருப்பட்டியைச் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. அடைத்து லேபிள் ஒட்டினால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். பெங்களூருக்கு அனுப்பத் தொடங்கியபோது ஜிஎஸ்டி பதிவு செய்தே தீர வேண்டியதாயிற்று. லேபிளில் தயாரிப்பாளர் விலாசம், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், ஆண்டு, புகாருக்கான எண் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் போடுகிறேன்.

பெரிய தளத்தில் விற்பதா, சொந்தமாக விற்பதா என்று கேட்டாய். நான் இரண்டும் செய்து பார்த்தேன். தளத்தில் ஆர்டர் வேகமாக வரும். ஆனால் தளத்தின் கமிஷன் போகப் பணம் சில நாள் கழித்துத்தான் வரும், வாங்கியவர் யார் என்பதே நமக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் நானே சேர்த்த பட்டியல்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம், நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு பெட்டியிலும் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்று கையால் எழுதிய ஒரு சீட்டை வைக்கிறேன்.

உன் சேலைக்கு வருகிறேன். நிறம்தான் உனக்குப் பெரிய சிக்கலாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஒரே அரக்கு நிறம் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு விதமாகத் தெரியும். உச்சி வெயிலில் எடுக்காமல், காலையில் திண்ணை நிழலில், ஒரு வெள்ளைத்தாளையோ தேங்காய்த் துண்டையோ பக்கத்தில் வைத்து எடு. பார்ப்பவருக்கு நிறத்தை ஒப்பிட ஓர் அளவு கிடைக்கும். முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி சுருங்கி நிற்பதையும் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இராததையும் மிக அருகில் படமெடுத்து, இது கைமுடிச்சின் அடையாளம் என்று எழுது. தெரியாதவர் அதைக் குறை என்று திருப்பி அனுப்புவார். அச்சிட்ட சேலைகளும் சுங்குடி என்ற பெயரிலேயே பாதி விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றைத் தாழ்த்திப் பேசாமல், அத்தை ஒரு சேலைக்கு எத்தனை நாள் உட்காருகிறார், எத்தனை முடிச்சு போடுகிறார் என்பதை எண்ணிச் சொல். இங்கும் சீனி கலந்த கருப்பட்டி எங்கள் ஊர்ப் பெயரில்தான் விற்கிறது. 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஆனால் என்னிடம் வாங்குகிறவர்கள் நம்புவது, எந்தச் செம்மணல் தேரியில் எந்த வாரம் காய்ச்சியது என்று ஒவ்வொரு பெட்டியிலும் எழுதும் அந்த ஒரு வரியைத்தான்.

சாயம் முதல் துவைப்பில் சற்று இறங்கும் என்றால் அதையும் விற்கும் முன்பே சொல்லிவிடு. தீபாவளி நெருங்குகிறதே என்று நூறு சேலையோடு இறங்காதே. இருபது போதும், அத்தையின் கைக்கும் கண்ணுக்கும் அதற்குமேல் அவசரம் கொடுக்கக் கூடாது.

இந்தக் கடிதம் மூன்று கிலோ கருப்பட்டிப் பெட்டிக்குள் வருகிறது. இந்த ஆண்டு மழைக்கென்று மாற்றிய புதிய உறையில் அடைத்த முதல் பெட்டி அது. உன் தெருவில் தண்ணீர் தேங்குமே, அப்படி ஒரு நாளில் வந்து சேர்ந்தால் நல்லது. பிரிக்கும் முன் நான்கு மூலைகளையும், பிரித்தபின் அடிப்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு. எங்காவது ஒரு துளி கசிந்திருந்தாலும் சொல். மீதி 60 பெட்டிகள் உன் பதிலுக்காகக் கட்டாமல் காத்திருக்கின்றன.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி